அக்கா வீட்டுக்கு ஃபைபர் எப்போ வரும்?



"கவிதை போதும் போதும்னு வந்துடுச்சு, நீயாவது டெக்னிக்கலா ஏதாச்சும் எழுதிக் கொடுப்பா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த டெக்னிக்கல் விஷயம் என் அக்கா வீட்டுக் கதைதான். அதையே எழுதுகிறேன்.

அக்கா நர்ஸ். அயர்லாந்து நாட்டின் மேற்கே மேயோ என்ற மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வாடகை குறைவு என்று ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் பழைய வீட்டில் குடியிருக்கிறாள். 2021 ஜூனில் எங்கள் அப்பத்தா காலமானபோது கொரோனா காலம், அக்காவால் வர முடியவில்லை. போனில் வீடியோ போட்டு நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். நீர்மாலை எடுக்கப் போகும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. அக்கா காரை எடுத்துக்கொண்டு 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடையின் கார் நிறுத்துமிடத்துக்குப் போய், செல் சிக்னல் பிடித்து மறுபடி கூப்பிட்டபோது, இங்கே எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் கீழே வைக்காமல் ஈரத் தரையைக் காட்டினேன். வேறு என்ன காட்டுவது?

ஐரோப்பாவில் இருக்கிற பணக்கார நாடு. பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் டப்ளினில் ஆபீஸ் போட்டிருக்கின்றன. அங்கே போய் இந்த நிலைமையா? இந்தக் கேள்விதான் என்னை ஈ.சி.இ. பிரிவில் சேர வைத்தது என்று சொன்னால் கொஞ்சம் பில்டப். ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

முதலில் பழைய செம்புக் கம்பி. ஏ.டி.எஸ்.எல். என்பது டெலிபோன் கம்பியிலேயே இன்டர்நெட்டையும் ஏற்றி அனுப்புவது. கம்பி நீள நீள உயர் அதிர்வெண் சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஜோராக வரும்; 5 கிலோமீட்டர் தாண்டினால் மூச்சு வாங்கும். நம் ஊர்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். அயர்லாந்து கிராமம் அப்படியல்ல. அவரவர் நிலத்தில் அவரவர் வீடு. ரோட்டை விட்டு 'போரீன்' என்று ஒரு குறுகல் சந்து பிரியும், நடுவில் புல் முளைத்திருக்கும், அதன் கடைசியில் ஒரே ஒரு வீடு. அக்கா வீடு அந்த ரகம்.

சரி, ஃபைபருக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டா? நம்ம லேபில் போட்ட கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஜி-பான் முறையில் ஒரு இழை கிளம்பி, ஸ்ப்ளிட்டரில் 32 வீடுகளுக்குப் பிரிகிறது. வழக்கமான 'பி ப்ளஸ்' வகையில் மொத்தம் 28 டெசிபல் வரை இழக்கலாம். 32 ஆகப் பிரிப்பதில் மட்டும் சுமார் 17 போய்விடும். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 என்று வைத்தால், 20 கிலோமீட்டருக்கு 7. ஸ்ப்ளைஸ், கனெக்டர் எல்லாம் சேர்த்து ஒரு 2. கூட்டிப் பாருங்கள், 26! இன்னும் 2 கையிருப்பில் இருக்கிறது. ஆக, ஒளிக்கு அந்தச் சந்து தூரமே இல்லை. ஸ்ப்ளிட்டரில் போகிற இழப்புதான் தூரத்தில் போவதைவிட அதிகம்.

அப்புறம் ஏன் காத்திருப்பு? சந்துக்குள் கேபிள் இழுக்க ஆகும் செலவு ஒரே வீட்டின் மாதக் கட்டணத்தில் எந்தக் காலத்திலும் திரும்பி வராது. அதனால் தனியார் கம்பெனிகள் டவுன் வரை வந்து நின்றுவிட்டன. மீதியை அரசே பார்த்துக்கொள்ளும் என்று 2012-இல் தேசிய பிராட்பேண்ட் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2019 நவம்பரில். நடுவில் 7 வருஷம்!

அந்த 7 வருஷத்தில் நடந்தது ஒரு சீரியலே எடுக்கலாம். 2017-இல் ஒரு கம்பெனி, "3 இலட்சம் கட்டிடங்களுக்கு நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்று திட்டத்திலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டது. அவை பெரும்பாலும் டவுனை ஒட்டிய, லாபம் வரக்கூடிய பகுதிகள். டெண்டரில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகி, கடைசியில் ஒரே ஒரு அணி மிஞ்சியது. அந்த அணியின் தலைவரோடு தனிப்பட்ட முறையில் சந்திப்புகள் நடத்தினார் என்ற சர்ச்சையில், அமைச்சர் டெனிஸ் நாட்டன் 2018 அக்டோபரில் ராஜினாமா செய்தார். எல்லாம் முடிந்து கையெழுத்தானபோது அரசின் பங்கு அதிகபட்சம் சுமார் 300 கோடி யூரோ என்று கணக்கு. சுமார் 5,40,000 கட்டிடங்கள், 11 இலட்சம் மக்கள். பரப்பளவில் பார்த்தால் நாட்டின் 96 சதவீத நிலம்!

மேப்பில் அரசுத் திட்டப் பகுதிக்கு ஆம்பர் நிறம், தனியார் பகுதிக்கு நீலம். அக்கா வீடு ஆம்பர். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற வீடு நீலம். அங்கே எப்போதோ ஃபைபர் வந்துவிட்டது. அக்கா வீட்டின் 'ஐர்கோட்' (2015-இல் வந்த 7 எழுத்து முகவரி எண், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி) போட்டுப் பார்த்தால் ஒரு உத்தேச மாதம் காட்டும். அந்த மாதம் வந்ததும் அது வேறு மாதமாகிவிடும். "நம்ம ஊர்ல பஸ் போர்டு மாதிரிடா" என்பாள் அக்கா.

நான் முதலில் கிண்டல்தான் செய்தேன். பிறகு வேலை எப்படி நடக்கிறது என்று படித்துப் பார்த்ததும் கிண்டல் குறைந்தது. முதலில் சர்வே: ஆள் நடந்து போய் ஒவ்வொரு கம்பத்தையும் பார்க்க வேண்டும். அடுத்து டிசைன். அதன் பிறகு வருவதுதான் பெரிய வேலை, பாதையைத் தயார் செய்வது. இந்தத் திட்டத்தில் பயன்படும் கம்பங்கள் 15 இலட்சத்துக்கு மேல், பெரும்பாலும் ஏற்கெனவே நட்டிருந்த டெலிபோன் மரக் கம்பங்கள். உளுத்ததை மாற்ற வேண்டும். மண் அடைத்த குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். வழியில் சாய்ந்த மரக்கிளையை வெட்ட வேண்டும். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது: அந்த நாட்டில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிச் செடிகளை வெட்டச் சட்டப்படி தடை. பறவைகள் கூடு கட்டும் காலமாம்! சாலைப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. குருவிக்காக அரை வருஷம் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற நாட்டை எப்படித் திட்டுவது, சொல்லுங்கள்?

ஸ்ப்ளைசிங் பற்றி நமக்குத் தெரியும். தலைமுடி கனத்தில் இருக்கிற இரண்டு இழைகளை உருக்கி ஒட்டுவது. லேபில் ஃபேன் காற்றுக்கே ஆடிப் போகிற வேலையை, அங்கே மழையில் வேனுக்குள் உட்கார்ந்து செய்கிறார்கள். புயல் வேறு. 2025 ஜனவரி 24-இல் 'எயோவின்' புயலில் கால்வே மாவட்டத்து மேஸ் ஹெட்டில் மணிக்கு 183 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 7,68,000 இணைப்புகளில் கரண்ட் போயிற்று. அக்கா நாலு நாள் மெழுகுவர்த்தியில் சமைத்ததாகச் சொன்னாள். (கேஸ் அடுப்புதான், மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு. அம்மா பயந்துவிட்டார்கள்.) இத்தனைக்கும் நடுவில், 2021 ஜனவரியில் கார்க் மாவட்டத்து காரிகலைனில் தொடங்கிய இணைப்பு வேலை 2024 முடிவதற்குள் 3 இலட்சம் வாசல்களைக் கடந்தது. முழுவதும் முடிய 2026 இறுதி என்று இலக்கு.

அக்கா வீட்டுக்காரத் தாத்தாவுக்கு மட்டும் இதில் பதற்றமே கிடையாது. கரண்டுக்கே காத்திருந்த ஆள் அவர். 1946 நவம்பரில்தான் டப்ளின் மாவட்டத்தில் கிராம மின்சாரத்துக்கு முதல் கம்பம் நட்டார்கள். அப்போது வீடு வீடாகப் போய் "உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டு, சம்மதம் அதிகம் கிடைத்த ஊருக்கு முன்னுரிமை கொடுத்தார்களாம். கூரை எரிந்துவிடும், மாதாமாதம் காசு கட்ட வேண்டும் என்று பயந்து பின்வாங்கியவர்களும் உண்டு. கெர்ரி மாவட்டத்தில் மலைகளுக்கு நடுவே 'பிளாக் வேலி' என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கரண்ட் போனது 1970-களில்! அதே பள்ளத்தாக்கில்தான் பிற்பாடு சாட்டிலைட் இன்டர்நெட்டைச் சோதனையாகப் போட்டுப் பார்த்தார்கள். கேபிள் ஏறாத இடத்துக்கு வானத்திலிருந்து.

"நீயும் அது மாதிரி டிஷ் வாங்கி வச்சுக்கோயேன்" என்று அக்காவிடம் சொன்னேன். "வீடு என்னுதா? மாசம் அதுக்கு வேற காசா? அம்மாவுக்கு அனுப்புறதை உங்க டிஷ்காரனுக்கு அனுப்பணுமா?" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

போன மாதம் போட்டோ ஒன்று வந்தது. கேட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் கருப்பு கேபிள் சுருட்டித் தொங்குகிறது. "டேய் தம்பி, வாசல் வரைக்கும் வந்துடுச்சுடா!" என்று வாய்ஸ் மெசேஜ். ஆர்டர் கொடுத்து, ஆளும் வந்தாராம். கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பழைய மண்ணடிக் குழாயில் கம்பியைத் தள்ளிப் பார்த்தால், பாதியில் ஏதோ மரவேர் புகுந்து அடைத்திருக்கிறது. வீட்டு எல்லைக்குள் இருப்பதால் அதை வீட்டுக்காரர்தான் தோண்டிச் சரிசெய்ய வேண்டும். மொத்தமே 60 மீட்டர். நம் கணக்குப்படி 0.02 டெசிபல்.

தாத்தாவிடம் கேட்டாளாம். மாட்டுக்குப் புல் அறுக்கிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அது முடிந்ததும் மண்வெட்டியோடு வருகிறேன் என்றிருக்கிறார்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு