கட்டளைச் சுவடி காத்தல்

பனையோலைச் சுவடியைக் கரையானும் ஈரமும் அழித்துவிடும். ஆதலால், நம் முன்னோர் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்து வைத்தனர். படியெடுக்கப்பெறாத நூல்கள் பல மறைந்தொழிந்தன. இவ்வுண்மை இக்கால மின்கருவிகளுக்கும் பொருந்தும்.

மதுரையில் 1976-ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் அது பல ஊர்களுக்கும் பரவியது. 2000-க்குப் பின்வந்த ஆண்டுகளில், பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன், அதன் தேனி மருத்துவமனையும் சுற்றூர்களின் கண் நல நிலையங்களும் கம்பியில்லா முறையில் இணைக்கப்பெற்றன. சிற்றூரில் அமர்ந்திருந்த நோயாளியைத் தேனி மருத்துவர் திரையிற் கண்டு உரையாடினார்.

இத்தகைய வலையமைப்பில் செய்திகளை உரிய வழியிற் செலுத்தும் கருவி ரௌட்டர் எனப்படும். ஒரே இடத்துக் கணினிகளை இணைக்கும் கருவி சுவிட்ச் ஆகும். எவ்வழியே அனுப்புவது, எவரை அனுமதிப்பது என்னும் கட்டளைகள் இவற்றின் நினைவகத்தில் இருக்கும். ஊர்ப்புற மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வால் ரௌட்டர்களின் நினைவட்டைகள் பழுதுற்றமையை அவ்வாய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் குறித்துள்ளனர். பழுதுற்ற கருவிக்கு ஈடாகப் புதியது வாங்கலாம். கட்டளைகளை எக்கடையில் வாங்குவது? படி இருப்பின் சில நிமிடங்களில் புதிய கருவியிற் பதிக்கலாம். இல்லையேல், அனைத்தையும் முதலிலிருந்து எழுதுதல் வேண்டும். அதுவரை நோயாளி காத்திருத்தல் வேண்டும்.

படியெடுக்கும் பணியை மனிதர் நினைவுக்கே விட்டால் மறதி குறுக்கிடும். ஆகவே, அதனைக் கணினியிடம் ஒப்படைப்பர். நாள்தோறும் குறித்த வேளையில் அக்கணினி ஒவ்வொரு கருவியையும் அணுகிக் கட்டளைகளைப் பெறும். முந்தைய படியுடன் ஒப்பிடும். மாற்றம் இருப்பின் புதிய படியைத் தேதியிட்டுச் சேமித்து, பொறுப்பாளருக்கு அறிவிக்கும். கருவி மறுமொழி தாராவிடின் அதனையும் தெரிவிக்கும். பிழையான மாற்றத்தைக் கண்டறிந்து பழைய நிலைக்குத் திரும்பவும் இப்படிகள் உதவும்.

எனினும், படி எடுத்தால் மட்டும் போதாது. அதில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடுமாதலால் பிறர் கைப்படாமல் காத்தல் வேண்டும். கருவி உள்ள கட்டடத்திலேயே வைத்தால் தீவிபத்தில் இரண்டும் அழியும். எனவே, ஒரு படியை வேறிடத்தில் வைத்தல் நன்று. அவ்வப்போது அப்படியை வேறொரு கருவியில் ஏற்றிச் சோதித்தலும் இன்றியமையாதது. சோதித்தறியாத படி, விதைத்துப் பாராத விதையை ஒக்கும். அது முளைக்குமா என்பது இடுக்கண் வந்த நாளில்தான் தெரியவரும். வருமுன் காத்தலே அறிவுடைமை.