அயல்நாட்டுக் குழந்தையும் ஜப்பானியப் பள்ளியும்

ஜப்பானில் 6 வயது நிரம்பிய குழந்தைக்கு 9 ஆண்டுக் கல்வி கட்டாயம். ஆயின், அச்சட்டம் அந்நாட்டுக் குடிமக்களையே கட்டுப்படுத்தும். அங்கே குடியேறிய அயல்நாட்டார் விண்ணப்பித்தால், அவர்தம் குழந்தைகளையும் பொதுப் பள்ளிகள் கட்டணமின்றி ஏற்கின்றன, விண்ணப்பியாவிடில் வற்புறுத்துவதில்லை. 2019-ஆம் ஆண்டில் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பள்ளி சேராதிருக்கக்கூடும் என்று தெரியவந்தது. ஆகவே, சட்டம் விட்ட கடமையைப் பெற்றோரே ஏற்கவேண்டும்.

பள்ளியிற் சேர்ந்த குழந்தை, தோழருடன் உணவு பரிமாறியும் வகுப்பறையைத் துடைத்தும் விரைவில் ஜப்பானிய மொழி பேசப் பழகிவிடும். ஆனால், தொடக்கப்பள்ளியிலேயே சீனத்திலிருந்து வந்த எழுத்துக்கள் 1,026 கற்கவேண்டும். சரளமாகப் பேசும் குழந்தையும் பாடநூலின் முன் திகைப்பதுண்டு. அதனை மந்தபுத்தி என்றெண்ணுதல் தவறு.

மாணவர்களே, இங்கேதான் வீட்டில் பேசும் தாய்மொழி துணைநிற்கிறது. மழை ஏன் பெய்கிறது என்று தாய் சொல்லக் கேட்டறிந்த குழந்தைக்கு, பள்ளியில் புதிதாகக் கற்கவேண்டுவன சொற்களே, பொருளன்று.