திரையில் ஒரு கோடு

பாக் நீரிணையில் இந்திய-இலங்கை எல்லைக் கோடு தாளில் விழுந்தது 1974இல். அது கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகளின் சுக்கானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை ‘பார்டர்’ என்பது ஒரு கணக்கு. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, காற்று எந்தப் பக்கம், நீவாடு என்னும் நீரோட்டம் எப்படி இழுக்கிறது என்று பார்த்து, இவ்வளவு தூரம் வந்திருப்போம் என்று சொல்லிக்கொள்வது.

கணக்கை மாற்றியது அமெரிக்கா. ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் முதலில் கொடுத்தார்கள்; நூறு மீட்டர்வரை பிசகும். 2000 மே முதல் தேதி நள்ளிரவில் அந்த மங்கலை நீக்க கிளிண்டன் உத்தரவிட்டார். வாஷிங்டனில் போட்ட அந்தக் கையெழுத்தின் பலனை இன்று ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் லாஞ்சுக்காரர்கள் அனுபவிக்கிறார்கள். நல்ல மீன்பாடு கிடைத்த இடத்தில் ஒரு புள்ளி போட்டு வைத்தால் போதும், அடுத்த தடவை இருட்டிலும் நேராக அங்கேயே போய் மடிவலையை விடலாம். அந்தப் புள்ளிகள்தான் படகின் முதல். பக்கத்துப் படகுக்காரருக்குக் காட்ட மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், அவற்றில் பல கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன.

முன்பு பிடிபட்டால் “தெரியாம வந்துட்டோம்” என்று சொல்ல இடமிருந்தது. பல நேரம் அது உண்மையாகவும் இருந்தது. இப்போது படகு பிடிபட்டால் அதோடு ஜிபிஎஸ்ஸும் போகிறது; போன இடமெல்லாம் அதிலேயே இருக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு கருவி வந்திருக்கிறது, டிரான்ஸ்பாண்டர். இஸ்ரோ உருவாக்கியது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், சுமார் 360 கோடி ரூபாய் செலவில், 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசம். புயல் எச்சரிக்கை வரும், ஆபத்தென்றால் கரைக்குச் செய்தி அனுப்பலாம், எல்லை நெருங்கினால் எச்சரிக்கும்.

முதல் இரண்டுக்கும் நான் இரு கை தூக்குவேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனதை இந்தக் கடற்கரை மறக்காது. அடுத்த ஆண்டு நவம்பர் 16இல் கஜா இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. மூன்றாவதுதான் எனக்குப் புரியவில்லை. வழி தெரியாமல் போகிறவருக்குத்தான் எச்சரிக்கை உதவும். கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், கடலுக்குப் போகும் யாரும் அதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். தெரிந்தே போகிறவருக்கு அந்தச் சத்தம் காதுக்கு இடைஞ்சல், அவ்வளவுதான்.

ஏன் போகிறார்கள்? விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுக்கக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். மிச்சமிருப்பது ஒரு குறுகலான பட்டை. அதையும் இத்தனை ஆண்டுகளாக இழுவலை அரித்து எடுத்துவிட்டது. டீசல் காசாவது தேற வேண்டுமென்றால் இறால் இருக்கும் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

இதில் கருவிக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினம் இறங்குதளத்திலிருந்து போன ஒரு விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. நான்கு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கை அகதி. எந்த நாட்டின் அகதியாக இருந்தாரோ, அந்த நாட்டுக் கடற்படையோடு நேர்ந்த மோதலில் இறந்தார். இடித்து மூழ்கடித்தார்கள் என்றது இந்தக் கரை. தப்பிக்கும்போது அவர்களே வந்து மோதினார்கள் என்றது கடற்படை. அதே ஆண்டு அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று மறுபடியும் அப்படியே மூழ்கி, ஒருவர் இறந்தார். எங்கே நடந்தது என்பதைச் செயற்கைக்கோள் சில மீட்டர் பிசகோடு சொல்லிவிடும். யார் யாரை இடித்தார்கள் என்று சொல்ல அதனால் ஆகாது. சண்டையோ அதைப் பற்றித்தான்.

கைது என்றால் அதிகாரிகளுக்கு முன் வாட்ஸ்அப்பில் சேதி வந்துவிடுகிறது. அதே போனில் மறுகரைக் காணொளிகளும் வருகின்றன: இரவில் வரிசையாகத் தெரியும் நம் லாஞ்சு விளக்குகள், அறுந்த செவுள்வலைகள். 2009 வரை போரால் கடலுக்குள் இறங்க முடியாமல் கிடந்தவர்கள் அந்த மறுகரை மீனவர்கள். நம் ஊரில் இந்தக் காணொளிகளைப் பார்ப்பவர்கள் உண்டு, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இலங்கை 2017இல் இழுவலையையே தடை செய்தது. 2024 பிப்ரவரியில் அங்கே நம் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விழுந்தபோது, ராமேஸ்வரம் மீனவர்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள்.

இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரை பிடிக்கும் படகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று 2017இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய், மூன்று ஆண்டில் 2,000 படகு என்று இலக்கு. புதுக்கோட்டை மாவட்டமும் அதில் உண்டு. இலக்குக்குக் கிட்டத்தில்கூடப் போகவில்லை. மானியம் போக மீதிக்கு ஏற்படும் கடனும், பல நாள் கடலில் தங்கிப் பழகாத தொழிலும் சேர்ந்தால் யார் துணிவார்?

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது 2010 ஆகஸ்ட். இரு கரை மீனவர்களும் தமிழ்நாட்டில் உட்கார்ந்து தாங்களே பேசி முடித்தார்கள்: ஓராண்டுக்குள் இழுவையை நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் அந்தப் பக்கம் போவது. அரசுகள் அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், எந்தப் படகு எத்தனை நாள் போனது என்று அன்று யார் எண்ணியிருக்க முடியும்? இன்று எண்ணலாம். டிரான்ஸ்பாண்டர் பொருத்திய படகு எங்கே நிற்கிறது என்று கரையில் ஒரு திரை காட்டுகிறது. அந்தத் திரையை அதிகாரிகள் மட்டும் பார்க்கிறார்கள். கோட்டைப்பட்டினம் சங்கத்துக்கும் யாழ்ப்பாணம் சங்கத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பார்க்கலாம்.