வண்ணம் பூசுமுன் கூரையைச் சோதிப்போம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நெருங்கும்போது, கோபுரச் சுதை வேலைக்கும் வண்ணப்பூச்சுக்கும் மெய்யன்பர்கள் மனமுவந்து நன்கொடை வழங்குகின்றனர். அன்னதான மண்டபத்தின் கான்கிரீட் கூரையை நினைப்போர் சிலரே. கட்டடப் பொறியாளன் என்ற முறையில் அதுபற்றிச் சில கூற விழைகிறேன்.

சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடி வீடுகளில், குளியலறை, சமையலறைக் கூரைகள் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஆலயத்தில் மடைப்பள்ளி, கழிவறை, மழைநீர் தேங்கும் மொட்டைமாடி ஆகிய இடங்களிலும் இக்குறை தோன்றலாம்.

கான்கிரீட்டின் காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அக்காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

அதன்மேல் சாந்து பூசி வண்ணமடித்தால் குறை மறையுமே தவிர, தீராது. முதலில் நீர்க்கசிவை நிறுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளலான ஓசை வரும் பகுதிகளைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்புறம்வரை திறந்து, துருவை முழுவதும் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு இட வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி சேர்த்து, பழுதுபார்ப்புக்கென்றே உள்ள பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். தூண், உத்திரம் ஆகியவற்றில் கைவைக்குமுன் தகுதிபெற்ற பொறியாளரைக் கலந்தாலோசிப்பது அவசியம்.

புதிதாக வார்க்கும்போது நான்கு செய்திகளைக் கவனியுங்கள்:

1. வேலை எளிதாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டக்கூடாது. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 25 லிட்டர் போதும். மிகுதியான நீர் வற்றியபின் நுண்துளைகளே எஞ்சும்.

2. கம்பி, அடிப்பலகையைத் தொடாதபடி சிமெண்ட் வில்லைகளை இடையில் வைக்க வேண்டும்.

3. அதிர்வுக் கருவியால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும்.

4. நம் நாட்டு வெயிலில் மேற்பரப்பு விரைவில் உலர்ந்து வெடிக்கும். ஈரச்சாக்கு போர்த்தி, குறைந்தது 7 நாள் நனைத்து வர வேண்டும். 28 நாளில்தான் கணக்கிட்ட வலிமை கிட்டும்.

திருப்பணிக்கு நன்கொடை தரும் அன்பர்களே, "கூரையைச் சோதித்தாகிவிட்டதா?" என்று நிர்வாகத்தினரிடம் அன்புடன் கேளுங்கள். இப்பணிக்குக் கொடுப்பது பார்வைக்குத் தெரியாமல் போகலாம். ஆயினும், அக்கூரையின் கீழ்தான் நம் குழந்தைகளும் முதியோரும் அமர்ந்து அன்னம் உண்கின்றனர்.