பழைய மோட்டார் வண்டியில் இறுகிய பிரேக்கை விடுவித்தல்

நெடுநாள் ஓடாது நின்ற மோட்டார் வண்டியைத் தள்ளும்போது, ஒரு சக்கரம் மட்டும் அசைய மறுப்பதைப் பலரும் கண்டிருப்பர். பிரேக் ஜாமாகிவிட்டது என்பர் மெக்கானிக்குகள். 2014-ஆம் ஆண்டு வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாஸிடரின் பழைய வண்டிகளில் இஃது அடிக்கடி நேர்வதாகும்.

இதன் காரணம் யாது? இவ்வண்டிகளின் டிரம் பிரேக்கில், மிதியை அழுத்தினால் எழும் திரவ அழுத்தம் சக்கரச் சிலிண்டரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் கட்டைகளை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த நீரால் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைப்பது. பிஸ்டனைச் சுற்றியுள்ள இடைவெளியோ மிகச் சிறிது. ஆதலின் பிஸ்டன் இறுகிவிடுகிறது. கட்டையும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

முதற்கண் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை உயர்த்தி, உறுதியான தாங்கியின்மீது நிறுத்துக. கைப்பிரேக்கைத் தளர்த்துக. பின்னர்க் காற்று நீக்கும் திருகைச் சற்றே திறக்க வேண்டும். எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபடுமாயின், குற்றம் சக்கரத்திலன்று. உள்ளே அடைபட்ட ரப்பர்க் குழாயிலோ தலைமைச் சிலிண்டரிலோ உள்ளது. விடுபடாவிடில், கட்டைகளின் சரிசெய்யும் திருகைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் மரச் சுத்தியால் மெல்லத் தட்டுக. துரு இளக்கும் எண்ணெயைத் திருகுகளில் மட்டும் இடலாம். கட்டையின்மேல் பட்டால் அக்கட்டை பயனற்றதாகும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூளை ஊதுதல் கூடாது. பழைய கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை மூடிக் கட்டி அகற்றுக.

இறுகிய பிஸ்டனை வெளியேற்றச் சிறந்த கருவி பிரேக் மிதியே. மற்றச் சக்கரங்களின் டிரம்களைக் கழற்றாது வைத்து, காற்று நீக்கும் திருகை மூடி, மிதியை மெல்ல அழுத்தினால் பிஸ்டன் நகரத் தொடங்கும். இங்குப் பம்பிலிருந்து வரும் அழுத்தக் காற்றைச் செலுத்துவோர் உளர், அது பேராபத்து. திரவம் ஏறத்தாழச் சுருங்காதது. ஆகவே பிஸ்டன் சிறிது நகர்ந்தவுடன் அழுத்தம் தணிந்துவிடும். காற்றோ சுருங்கி ஆற்றலைச் சேமித்து வைப்பது. பிடி விட்ட கணமே பிஸ்டன் குண்டுபோல் பாயும். திரவத்திற்கும் வாயுவிற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

சக்கரம் சுழன்றதும் வேலை முடிந்ததென எண்ணுவதே பெரும்பிழை. துரு குழிகளை உண்டாக்கிய சிலிண்டரில் எண்ணெய் கசியும். ஓடும் வண்டியில் மிதி திடீரெனத் தரைவரை அமிழக்கூடும். எனவே குழி விழுந்த சிலிண்டரை மாற்றுக. ரப்பர்க் கிண்ணங்களைப் புதிதாக இடுக. அவற்றைப் பெட்ரோலால் கழுவினால் ரப்பர் உப்பிவிடும். பிரேக் எண்ணெயாலேயே கழுவுக. இறுதியில் புதிய எண்ணெய் நிரப்பிக் காற்றை முற்றிலும் நீக்கி, மிதி உறுதியாக நிற்கிறதா என நின்ற வண்டியிலேயே சோதித்தபின் சாலைக்குச் செல்க.

பிரேக் எண்ணெயை இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுவதும், நெடுநாள் நிறுத்தும் வண்டியைக் கைப்பிரேக்கில் விடாது சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்துவதும் இத்தொல்லையைப் பெரிதும் தவிர்க்கும்.