இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

முதலியார்பேட்டைக் கடைத்தெருவில் வாழைப்பழத்தை டஜன் கணக்கில் வாங்குகிறோம். கடிகாரத்திலும் 12, ஆண்டுக்கு மாதங்களும் 12. பத்தை விடுத்துப் பன்னிரண்டுக்கு ஏன் இந்த மதிப்பு?

பத்துப் பழங்களை மூவருக்கோ நால்வருக்கோ மீதியின்றிப் பங்கிட முடியாது. பன்னிரண்டை இருவர், மூவர், நால்வர், அறுவர் என எப்படியும் பங்கிடலாம். 12-இன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. மீட்டரையும் கிலோகிராமையும் தந்த பிரெஞ்சுப் புரட்சியாளர்கள், 1793-இல் நாளையும் பத்து மணியாகப் பகுத்தார்கள். 1795-இல் அதைக் கைவிட்டார்கள். 12-உம் 60-உம் நிலைத்தன!

இப்படித் தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களை ‘மிகு பகு எண்கள்’ எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என இவ்வரிசை நீளும். இவற்றை விரிவாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1915-இல் வெளியான கட்டுரையில் இத்தகைய 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

இதன் வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. பகா எண்களின் பெருக்கமாக எழுதி, ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 12 = 2² × 3; ஆகவே 3 × 2 = 6. நம் பெரிய எண்ணோ,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

வகுத்திகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

இதில் ஓர் ஒழுங்கைக் காணலாம். 2 முதல் 23 வரை ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. அடுக்குகள் இறங்கி வருகின்றனவேயன்றி ஏறுவதில்லை. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே. 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இக்கடைசி விதிக்கு விலக்கு என்று இராமானுஜன் நிறுவினார்.

ஆனால் அவர் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 2,93,31,86,25,600. வியப்பு என்னவெனில், கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது இதுவே! இதன் வகுத்திகள் 5,040. பின்வந்தவர்கள் சரிபார்த்ததால்தான் இது தெரியவந்தது. பெரியோர் எழுதியதைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவன்று. கணிதத்தில் அதுவே மரியாதை.

இந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டமளித்தது. லண்டன் கணிதக் கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத பகுதி, நிக்கோலா, ரொபேன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளுடன் 1997-இல் வெளிவந்தது. இராமானுஜன் மறைந்தது 1920-இல்!

தோழியரே, உங்களுக்கு ஒரு கணக்கு: 60, 72, 84, 90, 96 ஆகிய ஐந்துக்கும் வகுத்திகள் பன்னிரண்டே. அவற்றுள் 60 மட்டும் மிகு பகு எண்ணாவது ஏன்? தாளும் பென்சிலும் எடுங்கள்!