5,300 எழுத்துகளில் ஒரு பூர்வீகம்

அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்: சொந்தக் கதையை எவ்வளவு சொல்லலாம்?

மதிப்பெண் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது: 'ஏன் டாக்டராக விரும்புகிறீர்கள்?' அமெரிக்காவின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் இதற்குக் கட்டுரையாகப் பதில் எழுதியாக வேண்டும். இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகள்தான் அனுமதி.

எழுத உட்காரும்போதுதான் தர்மசங்கடம் தொடங்குகிறது. ஆங்கிலம் தெரியாத பாட்டிக்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்த பேத்தி அதை எழுதலாமா? எழுதினால் அனுதாபம் தேடுவதாக நினைப்பார்களோ? எழுதாவிட்டால் டாக்டராகும் ஆசை எங்கே பிறந்தது என்பதை எப்படிச் சொல்வது?

இந்தத் தயக்கத்தின் பின்னணியில் நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐ சிறுபான்மையினருக்காக ஒதுக்கியிருந்தது. இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். 1978ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்து, அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. ஆனால் பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தது.

2023 ஜூனில் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் அந்தக் கதவும் மூடப்பட்டது. ஒரு ஜன்னல் மட்டும் மிச்சம். இனம் தன் வாழ்க்கையை எப்படி பாதித்தது என்று மாணவர் எழுதலாம்; அதில் வெளிப்படும் துணிச்சலையோ திறமையையோ கல்லூரி கணக்கில் எடுக்கலாம். ஆனால் இனம் பார்ப்பதற்குக் கட்டுரையைக் கொல்லைப்புற வழியாக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எச்சரித்தார். 'கடந்து வந்த தடைகள்' பற்றிய கட்டுரைகள்கூட இனத்துக்கு மாற்றாகப் பயன்படலாம் என்று 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை கல்வி நிறுவனங்களை மேலும் உஷார்படுத்தியது.

ஆக, 'நான் இன்னார்' என்ற அறிவிப்புக்கு இனி எடை இல்லை. அதிலிருந்து கற்றது என்ன என்பதற்குத்தான் எடை. அந்தப் பேத்தி தன் பூர்வீகத்தை விவரிப்பதைவிட, டாக்டர் சொன்னதில் பாட்டிக்குப் புரியாமல் போனது எது, புரிந்ததுபோல் பாட்டி ஏன் தலையாட்டினார் என்று எழுதினால் அதில் ஒரு வருங்கால டாக்டர் தெரிவார். சொல்ல மனம் வராத குடும்பத் துயரத்தை யாரும் எழுத வேண்டியதும் இல்லை.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேருகிறவருக்கு இந்த அவஸ்தை கிடையாது. பின்னணிக்கு சாதிச் சான்றிதழ், தகுதிக்கு 720க்கு நடக்கும் நீட். தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். அமெரிக்க மாணவருக்கோ அவர் எழுதும் கதைதான் சான்றிதழ். அதில் கையெழுத்துப் போட தாசில்தார் யாரும் இல்லை.